என்ன சரி?

சரி என்ற சொல்லை அக்கா வாங்கிக்கொள்ள மாட்டார். போனில் யார் "சரி" என்றாலும் ஒரு கணம் நிறுத்துவார். குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், "என்ன சரி?" என்று கேட்பார்.

"ஐயா, வணக்கம். பெங்களூர் ஆபீஸ்லேருந்து பேசுறேன். இன்னிக்கு சாயங்காலத்துலேருந்து நாளைக்கு ராத்திரி வரைக்கும் அலை பத்தடிக்கு மேல எழும்பும். யாரும் தொழிலுக்குப் போக வேணாம்."

"சரிம்மா."

"என்ன சரி?"

"அதான், நீ சொன்னது."

"நான் என்ன சொன்னேன், சொல்லுங்க."

மறுமுனையில் சிலர் சிரிப்பார்கள். சிலர் திட்டுவார்கள். "ஏம்மா, நான் என்ன ஒண்ணாப்புப் புள்ளயா, ஒப்பிக்கச் சொல்ற?" என்று ஒரு பெரியவர் கத்தியது எனக்கே கேட்டது. "ஒப்பிச்சுட்டா வச்சுருவேங்கய்யா" என்றார் அக்கா. பெரியவர் ஒப்பித்தார். ஒப்பித்ததில் பத்தடி அலை நாலடியாகியிருந்தது. நாளைக்கு ராத்திரி என்பது இன்றைக்கு ராத்திரி ஆகியிருந்தது. அக்கா சலித்துக்கொள்ளவில்லை. "ஐயா, வணக்கம்" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

நாகப்பட்டினம் பக்கத்துக் கரையோர ஊர்களில் அவருக்கு 'என்ன சரி அம்மா' என்று பேர் விழுந்துவிட்டது. ஒரு முறை அவர் விடுப்பில் இருந்த நாள் நான் போனை எடுத்தேன். "என்ன சரி அம்மா இல்லீங்களா? அப்ப நாளைக்கே பேசிக்கிறோம்" என்று வைத்துவிட்டார்கள்.

சுனாமி வந்துபோன பிறகு எல்லோரும் எச்சரிக்கை பற்றியே பேசிக்கொண்டிருந்த காலம் அது. கடலுக்குள் கருவிகளை இறக்கினார்கள். முன்னறிவிப்பு நிலையங்களைப் புதிதாக அமைத்தார்கள். அங்கிருந்து வரும் செய்தி ஆங்கிலத்தில் இருக்கும். அதைத் தமிழாக்கி, கரையோர ஊர்களுக்குப் போனில் சொல்லும் கடைசி வேலை எங்கள் சின்னக் கம்பெனிக்கு வந்தது. கம்பெனி இருந்தது கடலே இல்லாத பெங்களூரில், எலெக்ட்ரானிக் சிட்டியில், ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில். ஒவ்வொரு ஊரிலும் ஒருவரிடம் போன் கொடுத்திருந்தோம். அவர் கேட்டு ஊருக்குச் சொல்ல வேண்டும். சுனாமி தினமும் வருவதில்லை. காற்றும் அலையும் தினமும் உண்டு. "டெய்லி எடுத்துப் பழகினாத்தான் அன்னிக்கும் எடுப்பாங்க" என்பார் மேனேஜர்.

தமிழாக்குவது நான். போனில் சொல்வது அக்கா.

அக்கா அந்த வேலைக்கு வந்தவரே அல்ல. ஹெப்பகோடியில் ஒரு கார்மெண்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தவர், அது மூடியதும் எங்கள் கட்டடத்தில் தரை துடைக்க வந்தார். ஆரம்பத்தில் போன் பேசிக்கொண்டிருந்தவன் ஓசூர்ப் பையன். கரையிலிருந்து ஒருவர் என்னவோ கத்த, இவனுக்குப் புரியாமல் "ரிப்பீட் பண்ணுங்க, ரிப்பீட் பண்ணுங்க" என்று தவித்தான். அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ரிசீவரை அவன் கையிலிருந்து வாங்கினார். அதற்குப் பிறகு திருப்பிக் கொடுக்கவில்லை. எட்டாவது வரை படித்தவர். ஊர் எது, குடும்பம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கழுத்தில் ஒன்றும் இருக்காது. முப்பத்தைந்து வயது இருக்கும்.

அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. மேனேஜர் கொடுத்த படிவத்தில் ஊருக்கு நேராக 'தெரிவிக்கப்பட்டது' என்று டிக் போட்டால் போதும். அக்கா டிக் போட்டுவிட்டு, நோட்டில் வேறொன்று எழுதுவார்: அவர்கள் திருப்பிச் சொன்னதை, அவர்கள் வார்த்தையிலேயே. 'கடல் கலங்குமாம், வலைய ஏத்திடணும்.' 'மத்தியானம் வரைக்கும் போவலாம், அப்புறம் வேணாம்.' பத்து ஊருக்குப் பத்து விதமாக இருக்கும். நான் எழுதிய வாக்கியம் ஒன்றுதான். அந்த நோட்டைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். என் வாக்கியத்தை இப்படிக் கண்டபடி உடைத்துப்போட இவர்கள் யார் என்றிருக்கும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் ஸ்ரீராம்புரத்துப் பெண். அப்பா மாநகராட்சியில் தெருப் பெருக்கினார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் பக்கம் போன முதல் ஆள் நான். பி.எஸ்சி. பிசிக்ஸ், முதல் வகுப்பு. எங்கள் சந்தில் ரேஷன் கடை நோட்டீஸ் வந்தாலும், கோர்ட்டு சம்மன் வந்தாலும், ஆங்கிலத்தில் எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் படித்துச் சொன்னால் சொன்னதுதான். யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

அக்கா கேட்டார். போன் வேலைக்கு வந்த முதல் வாரமே. "அக்கா, நாலாவது ஊருக்கு நம்பர் மாறியிருக்கு, புது நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க. பழைய நம்பருக்கு இனி போட வேண்டாம்" என்றேன். எழுதிக்கொண்டு, "நாலாவது ஊரு, புது நம்பரு, பழசு வேணாம்" என்று திருப்பிச் சொன்னார். பிறகு, "மேடம், நாளைக்கு நான் அரை மணி லேட்டா வருவேன், அதுக்குள்ள செய்தி வந்தா எடுத்து வையிங்க" என்றார்.

"சரி."

"என்ன சரி மேடம்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "எனக்குக் காது நல்லாவே கேக்கும்கா" என்றேன். அவர் முகம் மாறாமல் அங்கேயே நின்றார். வேறு வழியில்லாமல் சொன்னேன்: "லேட்டா வருவீங்க. எடுத்து வைக்கணும்." தலையாட்டிவிட்டுப் போனார்.

யாரையும் விட்டுவைக்க மாட்டார். கம்பெனி வேன் ஓட்டுகிற கன்னடக்காரரிடம், "அண்ணா, நாளெ ஆறு கண்டெகே பன்னி" என்று மறுநாள் ஆறு மணிக்கு வரச் சொல்வார். "சரி அக்கா" என்பார் அவர். கன்னடத்திலும் சரிக்குச் சரிதான். "ஏனு சரி?" என்பார் அக்கா விடாமல். வேனுக்குள் எல்லோரும் ஒரே குரலில் "ஆறு கண்டெ!" என்று கத்துவோம். டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடுவார். "தாயே, இன்னு மேலெ ஐது முக்காலுகே பர்த்தினி" என்று, இனி ஐந்தே முக்காலுக்கே வந்துவிடுவதாகச் சொல்வார். அக்காவும் சிரிப்பார். ஆனால் டிரைவர் வாயிலிருந்து ஆறு கண்டெ வருகிற வரைக்கும் இறங்க மாட்டார்.

ஆடி மாதம் எங்கள் சந்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். அம்மா சொம்பு நிறையக் கூழ் கொடுத்தார். புறப்படும்போது அக்கா அப்பாவிடம், "அண்ணே, நாளைக்குப் பொண்ணக் கொஞ்சம் வெள்ளனவே அனுப்பிவையிங்க. செய்தி ஏழு மணிக்கே வருது" என்றார்.

"சரிம்மா."

"என்ன சரிங்கண்ணே?"

அப்பா விழித்தார். "இன்னா... இன்னா சொன்ன?" என்று என்னைப் பார்த்தார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அப்பாவும் சிரித்தார். "அது ஒரு பழக்கம்மா. முப்பது வருசமா மேஸ்திரி இன்னா சொன்னாலும் சரிங்க, சரிங்க. காதுல வுழுந்தாலும் சரிங்க, வுழாங்காட்டியும் சரிங்க. சரின்னுட்டா அந்தாளு அடுத்தவங்கிட்ட பூடுவான்."

அக்கா மட்டும் அதற்குச் சிரிக்கவில்லை. "எங்க பக்கமும் அப்புடித்தாண்ணே. பெரிய எடத்துலேருந்து பேசுறாங்கன்னா சரின்னுருவாங்க. நான் பெரிய எடம் இல்லன்னு அவங்களுக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான் அவ்வளவு நேரம் பேசுறேன்."

எனக்கு அன்று அப்பாவை நினைத்து வெட்கமாக இருந்தது. நான் யாருக்கும் அப்படிச் சரி சொல்கிற ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் மிஷின் வந்தது. மிஷின் என்றால் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். பதிவு செய்த குரலில் எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் போன் போகும். செய்தி முடிந்ததும், 'இந்தச் செய்தி உங்களுக்குப் புரிந்திருந்தால் எண் ஒன்றை அழுத்தவும்' என்று வரும். ஒன்றை அழுத்தினால் திரையில் அந்த ஊர் பச்சையாகும். குரல் என்னுடையது. வீட்டில் அம்மாவுக்குப் பேசிக் காட்டினேன். "ரேடியோவுல பேசற மாரியே கீதுடி" என்று பக்கத்து வீட்டாரை எல்லாம் கூட்டிவந்து மறுபடி பேசச் சொன்னார்.

முதலில் பாதி ஊர்களை மட்டும் மிஷினுக்கு மாற்றினார்கள். மீதிப் பாதி அக்காவிடம் இருந்தது. மிஷின் மூன்று நிமிடத்தில் முடித்துவிடும். அக்காவுக்கு மூன்று மணி நேரம் ஆகும். "ஒரு ஊருக்கு ஆறு நிமிஷமாம்மா? கதை சொல்றியா?" என்று மேனேஜர் கேட்பார். "இல்ல சார், கதை கேக்குறேன்" என்பார் அக்கா.

பச்சையாகும் திரையை ஒரு நாள் அக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். "இந்த ஒண்ணு என்ன மேடம்?"

"புரிஞ்சுதுன்னு அர்த்தம்கா."

"ஓ. சரின்னு அர்த்தம்" என்றார்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு மதியம் ஆங்கிலச் செய்தி வந்தது. மறுநாள் காலையிலிருந்து 'வெஸ்டர்லி' காற்று, வேகம் கூடலாம், சின்னப் படகுகள் கவனமாக இருக்கவும். போகவே வேண்டாம் என்கிற அளவுக்கு இல்லை. கவனம் என்கிற அளவுதான். நான் எழுதினேன்: 'மேற்கு நோக்கிப் பலத்த காற்று வீசும். கட்டுமரங்கள் கவனமாகச் செல்லவும்.' குரலைப் பதிவு செய்தேன். மிஷின் அனுப்பியது. எல்லாம் பச்சையாயிற்று. அதே வாக்கியத்தின் பிரதி அக்கா மேசைக்கும் போயிற்று.

அரை மணி நேரத்தில் அக்கா பேப்பரும் கையுமாக வந்தார்.

"மேடம், இந்தக் காத்து எங்கேருந்து வருது?"

"எழுதியிருக்கேன்லக்கா. மேற்கு நோக்கி."

"நோக்கின்னா அங்கேருந்து வருதா, அங்க போவுதா?"

"போவுது."

"அப்புடின்னா கடல்லேருந்து கரைக்கு. கொண்டக் காத்து. அதத்தான் நான் போன் போட்ட மொத ஊருக்காரரும் சொன்னாரு. 'கொண்டல்தானே, கட்டுமரத்தத் தானா கரைக்குத் தள்ளிக்கிட்டு வந்துரும், பயமில்ல'ன்னு திருப்பிச் சொன்னாரு. ஆனா இந்த மாசத்துல ஏது மேடம் கொண்டல்? இது கச்சான் அடிக்கிற மாசம். கச்சான்னா கரையிலேருந்து கடலுக்குப் போறது. அதுல மாட்டுனா மரம் உள்ளதான் போவும், திரும்பாது. இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்காங்க, ஒரு தடவ பாருங்க."

அகராதி என் மேசையிலேயே இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"சரி, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"என்ன சரி மேடம்?"

ஓசூர்ப் பையன் திரும்பிப் பார்த்தான். அடுத்த மேசையில் யாரோ லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

"எட்டாவது படிச்சுட்டு எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தராதீங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அக்கா பேப்பரை மடித்தார். "அந்த மிஷின் ஊருங்க நம்பரக் குடுங்க மேடம். நானே ஒரு வார்த்த பேசிடறேன்."

"அது உங்க லிஸ்ட் இல்ல."

அவர் தன் மேசைக்குப் போனார். தன் ஊர்களை எல்லாம் மறுபடி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். "கச்சான்" என்று சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தார். என் காதில் விழ வேண்டும் என்று சத்தமாகப் பேசவில்லை. ஆனால் விழுந்தது. ஐந்தரைக்கு நான் பையை எடுத்துக்கொண்டு மெஜஸ்டிக் பஸ்ஸைப் பிடித்தேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

காலையில் பார்த்தேன். 'வெஸ்டர்லி' காற்று என்றால் மேற்கேயிருந்து வருவது. மேற்கே போவதல்ல. அக்கா வருவதற்கு முன்னாலேயே வாக்கியத்தைத் திருத்தி, குரலைத் திருத்தி, மறுபடி அனுப்பினேன். அப்போது மணி எட்டு. மறுபடி எல்லா ஊரும் பச்சையாயிற்று. ஆனால் கட்டுமரங்கள் எட்டு மணிக்குப் போவதில்லை. விடிவதற்கு முன்னாலேயே போய்விடும்.

மிஷின் ஊர் ஒன்றிலிருந்து அண்ணன் தம்பி இருவர் போயிருந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு விசைப்படகில் வந்தவர்கள் அண்ணனை மட்டும் மரத்தோடு இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

செய்தித்தாளில் மூலையில் நாலு வரி வந்திருந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு என்னிடம் அந்த ஊர் நம்பரைக் கேட்டார். இந்த முறை கொடுத்தேன். வழக்கம்போல ஆறு நிமிடம் பேசினார். பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். பிறகு என்னிடம் வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்த ஊருல போன் இருக்குறது ஒரு பெட்டிக்கடக்காரம்மாகிட்ட. 'மேற்கு நோக்கின்னு வந்துச்சு, கொண்டல்தான், தைரியமா போங்கடான்னு நான்தான் அந்தப் பசங்களுக்குச் சொன்னேன்'னு அழுவுறாங்க. 'புரிஞ்சா அழுத்தச் சொன்னாங்க, புரிஞ்சுது, அழுத்தினேன்'ங்கிறாங்க."

நான் மேசையிலிருந்த அகராதியை டிராயருக்குள் தள்ளினேன்.

"உங்க குரல் ரொம்பத் தெளிவா இருந்துச்சாம் மேடம்."

குத்திக்காட்டுவதற்காகச் சொன்னாரா, அந்தம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் அப்படியே திருப்பிச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அவர் வழக்கம் இரண்டாவதுதான்.

யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்க ஏதுமில்லை. பதிவில் எல்லாம் ஒழுங்காக இருந்தது: செய்தி போயிருக்கிறது, ஊர் ஒன்றை அழுத்தியிருக்கிறது. அக்காவும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அடுத்த மாதம் மேனேஜர் என்னையும் இன்னும் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். மிஷின் தாளில் எல்லா ஊருக்கும் எதிரே ஒன்று. அக்காவின் தாளில் பாதி ஊர்களுக்கு எதிரே, டிக்குக்குப் பக்கத்தில், 'முதலில் தப்பாகச் சொன்னார், மறுபடி சொன்னேன்' என்று அவர் கைப்பட எழுதியிருந்தது.

"பாருங்க, ஆள் பேசினா பாதிப் பேருக்குப் புரியல. மிஷின் பேசினா எல்லாருக்கும் புரியுது" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் அந்தத் தாள்களைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தமிழ் உன்னுது, குரல் உன்னுது. நீ சொல்லும்மா. மீதி ஊரையும் மாத்திடலாமா?"

அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். பேப்பரோடு அக்கா வந்து நின்றதையும், நான் நம்பர் தராததையும் சொல்ல வேண்டும். சொன்னால் எங்கள் சந்தில் முதலில் படித்தவள் என்ன ஆவாள் என்று நினைத்தேன்.

"சரி சார்" என்றேன்.

அந்த அறையில் என்ன சரி என்று கேட்க யாருமில்லை.

ஆபீஸில் அக்காவின் கடைசி நாள் சாயங்காலம் அவரோடு ஹெப்பகோடி வரை நடந்தேன். அதற்கு முன் ஒருநாளும் அவரோடு நடந்ததில்லை. மெயின் ரோட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத் முன்னால் நின்றார். கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு ஸ்டூல், சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டர்.

"இங்கேருந்துதான் மேடம் ஞாயித்துக்கிழமையானா ஊருக்குப் பேசுவேன். எங்க ஊரு பூத்துல என் தங்கச்சி வந்து நிப்பா. அப்பா அம்மா இல்ல, நாங்க ரெண்டு பேருதான். அவ பன்னெண்டாவது படிச்சுக்கிட்டிருந்தா. எங்க வீட்டுல எட்டாவது தாண்டுன மொத ஆளு. உங்கள மாதிரிதான், ஒரு தடவ சொன்னத ரெண்டாந்தடவ கேட்டா கோவம் வந்துரும்."

உள்ளே ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கும் பேசுனேன். ஒரே எரச்சல். அவ மூச்சு வாங்க வாங்கப் பேசுனா. பின்னாடி ஆளுங்க ஓடுற சத்தம், சிரிக்கிற சத்தம், திருவிழா மாதிரி. 'அக்கா, கடலு'ன்னது கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணும் கேக்கல. கடைசியா 'வா?'ன்னு முடிச்சா. என்னமோ கேக்குறான்னு தெரிஞ்சுது. எனக்குப் பின்னாடி மூணு பேரு வரிசையில நிக்கிறாங்க, கதவத் தட்டுறாங்க. என்ன கேட்டன்னு கேக்கல மேடம். சரின்னேன். வச்சுட்டா."

பூத்துக்குள்ளிருந்தவர் வெளியே வந்து எங்களைக் கடந்து போனார்.

"போவவா, பாக்கவா, வரவா, அப்புறம் பேசவா. ரெண்டர வருஷமா எல்லா 'வா'வையும் போட்டுப் பாத்துட்டேன்."

கடல் உள்வாங்கியதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள் என்று சுனாமி வந்த அந்த வாரமெல்லாம் டி.வி.யில் காட்டியது எனக்கு நினைவு வந்தது. ஆனால் என் விஷயம்தான் வாயில் வந்தது.

"மீட்டிங்ல நான் சரின்னுட்டேன்க்கா."

அவர் என்னைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "பஸ்ஸு வருது பாருங்க மேடம்" என்றார்.

அவர் மேசை டிராயரில் அந்த நாற்பது பக்க நோட்டு கிடந்தது. வேண்டுமென்று விட்டுப்போனாரா, மறந்தாரா, தெரியாது. ஒரு வாரம் அதையே படித்தேன். கொண்டல், கச்சான், வாடை என்று அவர்கள் காற்றுக்குச் சொல்கிற பேர்களும், அலைக்கும் நீரோட்டத்துக்கும் சொல்கிற பேர்களும் அதில் இருந்தன. என் வாக்கியங்களை எல்லாம் அந்தச் சொற்களால் திருப்பி எழுதினேன். 'புரிந்திருந்தால் ஒன்று' என்பதை எடுத்துவிட்டேன். 'காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் என்றால் ஒன்றை அழுத்தவும், கடலிலிருந்து கரைக்கு என்றால் இரண்டை அழுத்தவும்' என்று மிஷினையும் கேட்க வைத்தேன். முதல் நாளே திரையில், சரியான எண்ணை அழுத்திய பாதி ஊர்கள்தான் பச்சை. மீதி ஊர்களுக்கு யாராவது போன் செய்து, மறுபடி சொல்லி, திருப்பிக் கேட்க வேண்டும். அந்த யாராவது இப்போது இல்லை.

அன்று இரண்டு பக்கக் கடிதம் ஒன்று எழுதினேன். காற்று, அகராதி, நம்பர், எட்டு மணி, எல்லாவற்றையும் எழுதி மேனேஜருக்கு ஈமெயிலில் அனுப்பினேன். அக்கா திரும்பி வர வேண்டும் என்று கடைசி வரியில் கேட்டிருந்தேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஒரே சொல்: 'ஓகே.' எதற்கு ஓகே என்று அறைக்கே போய்க் கேட்டேன். "கூப்பிட்டுக்கோம்மா. பழசெல்லாம் எதுக்கு இப்ப?" என்றார்.

அக்கா கொடுத்திருந்தது ஹெப்பகோடியில் அவர் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவின் நம்பர். "அவங்க காலி பண்ணிட்டாங்கம்மா. சாமான் எடுக்க ஞாயித்துக்கெழம வருவாங்க" என்றார் அந்தம்மா. நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "ஆபீஸ்ல திரும்பக் கூப்பிடறாங்கன்னு சொல்லுங்க. காத்து வார்த்தைய மாத்திட்டேன்னு சொல்லுங்க. தப்பு என்னுதுதான்னு எழுதிக் குடுத்துட்டேன்னு சொல்லுங்க."

"சரிம்மா."

"என்ன..." என்பதற்குள் போனை வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். முதல் பஸ் தப்பி, அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஆகிவிட்டது. அறை கழுவி விட்டிருந்தது. வீட்டுக்கார அம்மா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"காலையிலயே வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்களேம்மா."

"நான் சொன்னத சொன்னீங்களாம்மா?"

"சொன்னனே. ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சுன்னு சொன்னேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"அதான், நீ சொன்னதுதான்."

"நான் என்ன சொன்னேன்?"

கையில் ஈரத் துணியோடு என்னைப் பார்த்தார். யோசித்தார். "ஏதோ காத்துன்னு சொன்னேல்ல? காத்து மாறிடுச்சுன்னு. அதத்தான் சொன்னேன்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க?" என்று அந்தம்மா துணியை உதறிக் கொடியில் போட்டார். "சரின்னாங்க."